ஈரத்துணிக்கு என் வீட்டில் இடமில்லை

சித்தூரிலிருந்து வந்த பஸ் என்னைத் திருப்பதியில் இறக்கிவிட்டபோது மழை குறைந்து தூறலாகியிருந்தது. புரட்டாசி முடியப்போகும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது, சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று. வீட்டு வாசலில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அளவு செருப்புகள் கிடந்தன.

கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி.

ஜன்னல் கம்பியிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும், அங்கிருந்து பீரோ கைப்பிடி வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு நிறைய மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, மொட்டை போட்ட குழந்தையின் சின்னச் சட்டை. ஒன்றையும் பிழியவில்லை. எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. தரையில் தண்ணீர், மேலே ஃபேன், மழை என்று சாத்திய ஜன்னல்கள், உள்ளே பெரிய அடுப்பில் கொதிக்கும் சோறு.

ஒரு காலை உள்ளே வைத்தேன். நெஞ்சைச் சுற்றி யாரோ பெல்ட்டை இன்னொரு ஓட்டைக்குத் தள்ளி இறுக்கிய மாதிரி இருந்தது. வைத்த காலை எடுத்துவிட்டேன்.

வெளியே என் கணவர் முனிரத்தினத்தின் வேன் நின்றிருந்தது. பக்தர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வண்டி. அதன் படியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஆஸ்துமா பம்பை எடுத்து, குழாயில் பொருத்தி இழுத்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒளித்து ஒளித்து பம்ப் இழுத்த காலமெல்லாம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

கணவரின் அக்கா மங்கம்மா வாசலுக்கு வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புத்தூரிலிருந்து பேரனுக்கு மொட்டை போட வந்திருந்தார்.

"வந்துட்டியா தேவகி? நீ உள்ள வராதம்மா. உனுக்கு ஒத்துக்காது. பை கட்டி வெச்சிருக்கறேன். தம்பி உன்ன உங்க நைனா வூட்டாண்ட வுட்டுட்டு வந்துருவான். மழ வுட்டதும் நிதானமா வா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் விஷயமே.

கூடத்து நாற்காலியில் என் நீலப் பை இருந்தது. என் புடவைகள் மடித்து அடுக்கியிருந்தன. மாத்திரைப் பொட்டலம் மேலே தெரிந்தது. என் பையை, என் வீட்டில், என்னைக் கேட்காமல் இன்னொருவர் கட்டி வைத்திருக்கிறார். முனிரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வேனின் முன்சீட்டில் வைத்தார். ஒரு கையில் சாவி. என் முகத்தைப் பார்க்காமல், "ஏறு, இருட்டறதுக்குள்ள போயிரலாம்" என்றார்.

இருமல் வரவில்லை. கோபம் வந்தது.

வருடா வருடம் ஊர்கடத்தல்

திருப்பதியில் வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்குச் சொந்தக்காரர்கள் என்று இத்தனை பேர் இருப்பதே மலையடிவாரத்தில் குடிவந்த பிறகுதான் தெரியும். சத்தியவேட்டிலிருந்து வருவார்கள், புத்தூரிலிருந்து வருவார்கள், யாருடைய மச்சினர் என்றே தெரியாத ஒருவர் திருத்தணியிலிருந்து வந்து நம் கட்டிலில் தூங்குவார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சோறு வடிக்க நான் அலுத்துக்கொண்டதே கிடையாது.

ஆனால் என் கணவர் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையில் மொட்டை போட்டு, கோயில் குளமான கோனேரியில் முழுக்குப் போட்டால், அந்தத் துணியை அங்கே காயவைக்க மாட்டார்கள். பிழியவும் மாட்டார்கள். அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து, கீழே நம் வீட்டில் பெருமாள் படத்துக்கு எதிரே கொடி கட்டிப் போடுவார்கள். கோனேரித் தண்ணீர் வீட்டுக்குள் சொட்ட வேண்டும். சொட்டினால் வீட்டுக்கு நல்லது. மொட்டைமாடியில் போட்டால் காக்கா தொடும், கண்டவர் நிழல் படும், பலன் போய்விடும்.

புரட்டாசியில் மொட்டை, ஐப்பசியில் மொட்டை. நடுவில் அடைமழை. ஒரு கூட்டத்தின் துணி காய்வதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். எங்கள் வீடோ தரைத்தளம், வடக்குப் பார்த்தது, பக்கத்து வீட்டுச் சுவர் கைநீட்டும் தூரத்தில். வெயில் எங்கள் கூடத்தை எட்டிப் பார்த்ததே இல்லை.

எனக்கு ஆஸ்துமா வந்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. முதலில் சளி என்றார்கள். அப்புறம் வீசிங் என்றார்கள். ஒரு புரட்டாசியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. மழைக்கூட்டம் வரும் என்று தெரிந்தால் என்னை நகரி பக்கத்தில் இருக்கும் என் நைனா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து வேலைக்குப் போவேன், அங்கேயே தூங்குவேன். துணிகள் என் வீட்டில் சொட்டும். மழை நின்றதும் திரும்பி வருவேன். மற்றவர்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போவார்கள். நான் மழைக்குத் தாய்வீடு போனவள்.

கேட்பவர்களிடம் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "தேவகிக்கு அந்த வூடு ஒத்துக்காது." நான் வருடக்கணக்கில் தவணை கட்டிய வீடு எனக்கு ஒத்துக்கொள்ளாதாம். திருத்தணி மச்சினருக்கு ஒத்துக்கொள்ளுமாம்.

அட்டைப்பெட்டிக்குக் கிடைத்த மரியாதை

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோரில் வேலை. தினமும் பாகாலா வழியாகப் போய்வரும் பஸ்ஸைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் புலம்பிவிட்டேன், இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

மாம்பழப் பருவம் முடிந்த பிறகு எங்கள் ஸ்டோரில் கூழ் டின்களும், அவற்றை அடுக்கும் அட்டைப்பெட்டிகளும் கூரை உயரத்துக்கு நிற்கும். சுவரில் ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருக்கும். அறையின் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எண்ணில் காட்டும். அது அறுபதைத் தாண்டினால் போதும், மேனேஜர் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடிவருவார். டின் துருப்பிடிக்கும், லேபிள் உரியும், பெட்டி தொளதொளத்து அடுக்கு சரியும். உடனே ஈரம் உறிஞ்சும் மிஷினைப் போடுவார்கள். கதவைத் திறந்துபோட்டவனுக்குத் திட்டு விழும். நனைந்த கோணிப்பையோடு யாராவது உள்ளே வந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

ஒரு மழைநாளில் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஸ்டோருக்குள் நான் ஒருநாளும் இருமியதில்லை. நாள் பூராவும் அங்கே நின்று வேலை செய்கிறேன், படியேறுகிறேன், கத்துகிறேன், மூச்சு நான் சொன்னபடி கேட்கிறது. வீட்டுக்குப் போனால்தான் முட்டுகிறது. ஒரு அட்டைப்பெட்டிக்கு இந்தக் கம்பெனி கொடுக்கும் மரியாதையை என் நெஞ்சுக்கு என் வீட்டில் கொடுத்தால் என்ன? அட்டைப்பெட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் அதை நகரிக்கு அனுப்பவில்லையே. அறையைத்தானே சரிசெய்தார்கள்?

திருப்பதியில் நான் பார்க்கும் டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாள் மருந்து மட்டும்தானே கேட்டீங்க. வீட்டைப் பத்தி நீங்களும் சொல்லல, நானும் விசாரிக்கல" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காற்றில் ஈரம் ஏறினால் சுவரில் பூஞ்சை வரும், மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகும், இரண்டும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. மீட்டர் நாற்பதிலிருந்து ஐம்பது வரை இருந்தால் நல்லது. ரொம்பவும் கீழே போனால் தொண்டை வறண்டு அதுவும் தொல்லைதான். எவ்வளவு காயவைத்தாலும் தினமும் இழுக்கிற மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது.

அன்றைக்கே ஒரு சின்ன மீட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எண்பதுக்கு மேல் காட்டியது. வெளியே மழைகூட இல்லை.

நல்ல மனசுக்காரர்கள்

ஈரத்தோடு சண்டை போடுவது சுலபம். நம்மேல் பிரியமாக இருப்பவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

மூச்சு முட்டுகிறது என்றால் உடனே ஒருவர் நொச்சி இலையைப் பறித்துக்கொண்டு வருவார். படுக்கையறையில் அண்டா நிறைய வெந்நீர் கொதிக்கும். போர்வையைப் போர்த்தி என்னை உட்காரவைப்பார்கள். நான் வேர்த்து விறுவிறுத்து வெளியே வரும்போது அறைக் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அந்த அறையிலேயே கதவைச் சாத்தித் தூங்கச் சொல்வார்கள்.

கோடையில் முனிரத்தினம் ஆசையாக ஒரு கூலர் வாங்கிவந்தார். பின்பக்கம் புல்தட்டி, அதில் தண்ணீர் ஊறி, சில்லென்று காற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டோம். இரண்டே நாளில் அறை குளத்தங்கரை வாசனை அடித்தது. அந்தக் கூலர் இப்போது வேன் ஷெட்டில் டயர் வைக்கும் மேஜையாக இருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன், என் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு அனுப்பினான். முட்டை மாதிரி வெள்ளையாக ஒரு கருவி. பொத்தானை அமுக்கினால் உச்சியிலிருந்து புகைபோல் ஈரக்காற்று வரும். அத்தை, ஆஸ்துமாவுக்கு நல்லதாம், பெட் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி. வறண்ட குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். திருப்பதி ஐப்பசியில் படுக்கைப் பக்கத்தில் அதை வைப்பது, மூழ்குகிறவன் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவதுதான். அவன் மனசு நோகக்கூடாது என்று நன்றி சொல்லிவிட்டு, அதை அப்படியே பெட்டியில் போட்டு மூடினேன்.

பெருமாளுக்கும் காற்று வேண்டும்

பிறகு நான் வேலையை ஆரம்பித்தேன்.

பீரோக்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். பின்னால் சுவர் கருப்பாக இருந்தது, ஏதோ தேசப்படம் வரைந்த மாதிரி. முகமூடி போட்டுத் தேய்த்தேன். சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் மாட்டினேன். குளியலறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி என்றேன். சாம்பிராணியும் போயிற்று. படுக்கையறை ஏசி ரிமோட்டில் நீர்ச்சொட்டுப் படம் போட்ட ஒரு பட்டன் இருப்பதையும், அது ஈரத்தை உறிஞ்சத்தான் என்பதையும், ஏசி வாங்கி மூன்றாவது கோடையில்தான் கண்டுபிடித்தேன். மொட்டைமாடியில் தகரக்கூரை போட்டு, துணி காயவைக்க நல்ல கம்பிக்கொடி கட்டினேன். போனஸ் வந்தபோது ஸ்டோரில் இருப்பதுபோல் ஒரு ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்கினேன், சின்னது.

கடைசியில் மிஞ்சியது பெருமாள் படம். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியது. மாமனார் காலத்துப் படம். அதன் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் படத்தைக் கழற்ற யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பெருமாள எறக்குனா குத்தமாயிரும்" என்றார் முனிரத்தினம்.

"பின்னாடி பூஞ்ச புடிச்சி நிக்கறாரே, அது குத்தமில்லியா?"

அவர் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டார். குளித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நானே இறக்கினேன். பின்னால் சுவர் பூராவும் பச்சையும் கருப்புமாகப் பூத்திருந்தது. சட்டத்தின் அட்டை ஊறிப்போய் கையோடு வந்தது. சுவரைத் தேய்த்து, காயவிட்டு, புது அட்டை போட்டு, படத்தின் நாலு மூலையிலும் மரக்கட்டை வைத்துச் சுவரிலிருந்து விலக்கி மாட்டினேன். பின்னால் கைவிட்டுப் பார்த்தால் காற்று போய்வருகிறது. பெருமாள் முகமே தெளிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஆடி முடிவதற்குள் மீட்டர் ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு ஒற்றைத் தலையணையில், நேராகப் படுத்துத் தூங்கினேன்.

அப்படிப் பாடுபட்டு ஆற்றிக் காயவைத்த வீட்டில்தான் அந்தச் சனிக்கிழமை கயிறு கட்டியிருந்தார்கள்.

வாசலில் ஒரு நாற்காலி

பம்ப் வேலை செய்தது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. முனிரத்தினம் சாவியோடு நின்றிருந்தார்.

"நான் வரல" என்றேன்.

"உள்ள எப்டி இருப்ப?"

"உள்ளயும் போவல. துணி வெளில வர்ற வரிக்கும் இங்கதான் இருப்பேன்." வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தூறல் காலில் பட்டது.

மங்கம்மா அண்ணிக்கு முகம் மாறியது. "இன்னா தேவகி இது, தெருவுல குந்திக்கினு. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"எங்க வூட்டு வாசல்லதான் அண்ணி குந்திக்கினு இருக்கறேன். மேல தகரம் போட்டு கொடி கட்டி வெச்சிருக்கறேன். எல்லாத்தயும் அங்க போடுங்க. சாயங்காலத்துல காக்கா வராது."

"கோனேரி தண்ணி வூட்டுல சொட்டணும்மா. எங்கூட்டு வழக்கம் உனுக்குத் தெரியாதா?"

"ஒரு சொம்புல புடிச்சி வெய்யுங்க. தலையில தெளிச்சிக்கறேன், வூடு பூரா தெளிக்கறேன். மூச்சுல மட்டும் வேணாம்."

உள்ளேயிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சோற்றுக் கரண்டியோடு ஒருத்தி நின்றாள். படுக்கையறையில் இருக்கும் என் மிஷினைக் கொண்டுவரச் சொன்னேன். முனிரத்தினம் போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது சொன்னார், அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன்களுக்குச் சார்ஜ் போட்டிருந்தார்களாம். மிஷினின் தலையில் ஒரு ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்ததாம்.

மிஷினுக்கு அடியில், காலையில் நான் காலிசெய்து வைத்த தொட்டியை உருவினார். பிடுங்கும்வரை அது உறிஞ்சிய தண்ணீர், விளிம்பு வரைக்கும் நின்றது. வாசல் ஓரத்தில் கவிழ்த்தார். கவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"மத்தியானம் நீங்க வந்தப்புறம் காத்துல இருந்து எடுத்த தண்ணி அண்ணி. இதத்தான் நான் உள்ள இழுக்கணும்."

"தண்ணிதானேம்மா" என்றார் அண்ணி. "மழக்காலத்துல தண்ணி இல்லாம நெருப்பா இருக்கும்? எங்கம்மா காலத்துலருந்து சொட்டிக்கினுதான் இருக்குது. யாரும் ஒண்ணும் ஆயிடல."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். பெரியவர்களோடு எதிர்த்துப் பேசாதே என்றுதான் என்னையும் வளர்த்தார்கள். ஆனால் மாமியாரை நான் பார்த்ததில்லை என்றாலும், கல்யாணமான புதிதில் முனிரத்தினம் அவரைப் பற்றிச் சொன்ன ஒன்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"உங்கம்மா மழக்காலத்துல எங்க படுத்துக்கினு இருந்தாங்க அண்ணி?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார்.

முனிரத்தினம்தான் சொன்னார். எங்களைப் பார்க்காமல், காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா படுக்காது. மாட்டுக் கொட்டாயில நெல்லு மூட்டமேல சாஞ்சி குந்திக்கினே தூங்கும். வூட்டுக்குள்ள துணி தொங்கும். நெஞ்சு சளின்னு சொல்லிக்கினு இருந்தோம்."

உள்ளே ஏதோ ஒரு புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

தொட்டியைக் கீழே வைத்தார். வேனின் முன்கதவைத் திறந்து என் நீலப் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அப்புறம் உள்ளே போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

என் சீட்டில் போன மூட்டை

அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும், அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தகரக்கூரைக்குக் கீழே கோனேரித் துணியைப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒரு பெரிய போர்வையில் மூட்டையாகக் கட்டினார். "எங்கூட்டுல சொட்டட்டும். எங்கூட்டுக்கு நல்லது வேணும்" என்றார்.

"நல்லா சொட்டட்டும் அண்ணி. ஜன்னல மட்டும் தொறந்து வெய்யுங்க" என்றேன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் பேரன் அடிக்கடி இருமுவது எனக்குத் தெரியும்.

"சாப்ட்டுட்டுப் போங்க" என்றும் சொன்னேன்.

"துன்ன மனசில்ல" என்றார்.

முனிரத்தினம் அவரையும் மகள் குடும்பத்தையும் புத்தூரில் கொண்டுபோய் விட்டார். வேனின் முன்சீட்டில், வருடா வருடம் நான் உட்கார்ந்து போகும் இடத்தில், ஈரத்துணி மூட்டை உட்கார்ந்து போயிற்று. மற்ற சொந்தக்காரர்கள் தங்கிவிட்டார்கள். சோற்றை வீணாக்கக்கூடாது இல்லையா.

எல்லா ஜன்னலையும் திறந்து, கூடத்து ஆவியையெல்லாம் வெளியே போகவிட்டு, தரையை ஒட்டத் துடைத்து, மறுபடி ஜன்னலைச் சாத்தி மிஷினைப் போட்டோம். அதுவரைக்கும் நான் வாசலை விட்டு நகரவில்லை. மீட்டர் இறங்க இறங்க உள்ளேயிருந்து ஒருத்தி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

திரும்பி வந்த முனிரத்தினம் ஒரு தட்டில் ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா வழி பூரா பேசல" என்றார். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "அம்மாவ உள்ள கூப்ட்டு படுக்க வெக்கணும்னு யாருக்கும் தோணல பாரு" என்றார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன்.

பொங்கல் வரை அண்ணி எனக்குப் போன் செய்யவில்லை. அதற்குள் சொந்தத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், பெருமாள் தண்ணியை வாசலில் நிறுத்தியவள் என்று. ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே சொன்னார்கள். நான் போய் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பெருமாளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மனக்கசப்பும் இல்லை. அவர் என் கூடத்தில் காய்ந்த சுவரில் சௌக்கியமாக இருக்கிறார். இன்றைக்கும் யார் வந்தாலும் சோறு உண்டு, பாய் உண்டு. ஈரத்துணி மட்டும் மாடிப்படி ஏறிவிடவேண்டும்.

ஐப்பசி

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் விடாமல் பெய்தது. தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். மீட்டர் ஐம்பதை ஒட்டியே நின்றது.

ஒரு காலை மழை சற்று ஓய்ந்தபோது துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. பாறை முகம் நெடுக வெள்ளை வெள்ளையாக அருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எத்தனை என்று எண்ண முடியவில்லை. மழைக்காலத்தில் நம் வீட்டு மாடியிலிருந்து அப்படித் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது பழகிப்போன காட்சி. இந்த வீட்டுக்கு வந்து என் பெரியவன் காலேஜுக்கே போய்விட்டான், நான் அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான் அது. இத்தனை வருட மழையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

பக்கத்து மாடியில் லட்சுமிதேவி அம்மா குடையோடு நின்றிருந்தார். கடப்பைப் பக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். என்னை அந்த மாதத்தில் அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்.

"ஏமண்டி தேவகி, ஈ வருஷம் மழைக்கு ஊருக்குப் போகலியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். எந்த இடத்திலும் தடைபடாமல் அடி வரைக்கும் போயிற்று.

"இதாங்க எங்க ஊரு" என்றேன்.